கால் வைத்த எழுத்து

எழுத்துத் தெரியாத காலத்திலேயே எங்கள் அம்மாவுக்கு எழுத்துக்குக் கால் உண்டு என்பது தெரியும்.

80களில் வ. புதுப்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணை ஒரு சின்னத் தொழிற்கூடம். சிவகாசிப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களுக்காக ஏஜென்ட் ஒருவர் சில்லு, தாள், லேபிள் எல்லாம் கொண்டுவந்து போடுவார். மைதாப் பசையை நாங்கள் காய்ச்சிக்கொள்ள வேண்டும். 144 பெட்டி ஒரு குரோஸ். கூலி குரோஸ் கணக்கில்தான். லேபிள் தலைகீழாக ஒட்டப்பட்ட பெட்டி கணக்கில் வராது. மயில் படம், குதிரைப் படம் என்றால் சிக்கல் இல்லை. ஒரு தடவை வந்த லேபிளில் நடுவில் வட்டமாக ஒரு பூ மட்டும் இருந்தது. பூவுக்குத் தலை எது, கால் எது? நான் இரண்டாம் வகுப்பு. அந்த எழுத்தை எனக்குப் படிக்கத் தெரியும். ஆனால் அவசரத்தில் நான் ஒட்டியதில் பாதி தலைகீழ். அம்மா ஒட்டியதில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

"படிக்கத் தெரிஞ்சு என்ன பிரயோசனம்? எழுத்து எதுல நிக்குதுன்னு பாரு. கால் இருக்குற பக்கம் கீழ."

உற்றுப் பார்த்தேன். யாரோ ஓர் ஓவியர் கையால் வரைந்த எழுத்து அது. ஒவ்வொரு எழுத்தின் அடியிலும் தடித்த சின்னப் பாதம். மேல்முனையில் கொடிச்சுருள். வலப்பக்கம் ஒரு நிழல். சுற்றிலும் மஞ்சள் கோடு. எங்கள் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் இருந்த எழுத்துகள் வீட்டுச் சேலையில் நின்றன என்றால், இவை கல்யாணத்துக்குக் கிளம்பிய எழுத்துகள்.

அச்சுத் தொழிலில் இந்தக் காலை செரிப் என்கிறார்கள். ரோமானியர்கள் கல்லில் பொறித்த எழுத்துகளில் இது உண்டு. ரோமில் 113இல் எழுப்பப்பட்ட ட்ராஜன் தூணின் அடியில் இன்றும் பார்க்கலாம். தமிழ் எழுத்துக்கு இயல்பில் கால் கிடையாது. எழுத்தாணி ஓலையில் ஏறக்குறைய ஒரே கனத்தில் கீறிக்கொண்டு போகும். ஓலை பொத்துவிடும் என்று மெய்யெழுத்தின் புள்ளியைக்கூட விட்டுவிட்டு எழுதினார்கள். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானதிலிருந்து தமிழ் உலோகத்தில் குடியேறியது. தடிப்பும் மெலிவும் உலோகத்தோடு வந்து சேர்ந்தன. காலும் சுருளும் நிழலும் வந்தது வேறு வழியில். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் சுவரொட்டியும் விளம்பரமும் பெருகியபோது, படிப்பதற்கென்று இல்லாமல் தூரத்திலிருந்து கண்ணை இழுப்பதற்கென்றே அலங்கார எழுத்துகள் வார்க்கப்பட்டன. ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் இறக்குமதியான தீப்பெட்டிகள் அந்த அலங்காரத்தையும் சுமந்து வந்தன. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து சிவகாசியில் தீப்பெட்டி தொடங்கினார்கள். லேபிள் அடிப்பதற்காக வந்த அச்சு பிறகு காலண்டர், கல்யாணப் பத்திரிகை என்று வளர்ந்தது. சிவகாசியின் ஓவியர்கள் ரோமானியக் கால்களைத் தமிழுக்கு மாட்டினார்கள். பொருந்தாத இடத்திலும் மாட்டினார்கள். 'ட'வுக்குக் கால் வைப்பது எளிது. 'ழ'வுக்கு எங்கே வைப்பது? வைத்திருக்கிறார்கள்.

90களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எங்கள் பக்கம் வந்தது. தெருவிளக்கடியில் பாடம். அட்டையில் எழுதிக்காட்டிய எழுத்தைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னதை எங்கள் தெருவில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். "இது மொட்டையா நிக்குதே, காலக் காணோம்?" நாலு மாதத்தில் தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டாள். ஏழு எழுத்து. அந்த ஏழுக்கும் கீழே சின்னச் சின்னதாகக் கால் வரைந்தாள். சில நாள் முதல் எழுத்துக்கு மேலே ஒரு சுருளும் இருக்கும். (அந்தப் பெயரை இங்கே எழுத ஆசைதான். புத்தகத்தில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அது அவள் முடிவு.)

மகளிர் சுய உதவிக் குழுவில் சேர்ந்து வங்கிக்குப் போனபோதுதான் சிக்கல். கால் வரைந்து முடிக்க நேரமாகும். ஒரு தடவை போட்ட கையெழுத்து மறு தடவை அதேபோல வராது. "இதென்னம்மா கோலமா போடுற, கையெழுத்துப் போடு" என்று கவுன்டரில் இருந்தவர் சொல்லியிருக்கிறார். பின்னால் நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள். நான் அப்போது முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். யாப்பும் அணியும் மனப்பாடம். "அவர் சொல்றது சரிதாம்மா. காலெல்லாம் வேணாம், சும்மா எழுது" என்றேன். அன்றோடு நிறுத்திவிட்டாள்.

வெகுநாள் இது எனக்கு நினைவிலேயே இல்லை.

என் முதல் கவிதைத் தொகுப்பு வந்தபோது பதிப்பாளர் அட்டைப்படம் அனுப்பினார். பழைய பத்திரிகைத் தலைப்புப் போல எழுத்து. அடியில் கால், முனையில் கொடி, கொடியில் ஒரு மொட்டு. பெண் கவிஞர் என்பதால் இப்படி என்று அவர் குறிப்பும் எழுதியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. பெண் எழுதினால் பூ போட வேண்டுமா என்று இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். கடைசியில் கறுப்பு அட்டையில் வெள்ளையாய், கால் இல்லாத, சுருள் இல்லாத எழுத்து வந்தது. அந்த இரண்டு பக்கத்தில் சொன்ன எதையும் இன்றும் மறுக்க மாட்டேன். ஆனால் அதில் சொல்லாத ஒன்று இருந்தது. அந்த எழுத்தைப் பார்த்ததும் எனக்கு மைதாப் பசை வாசம் வந்தது. திண்ணை தெரிந்தது. சென்னையில் நடக்கவிருந்த வெளியீட்டு விழாவில், என் புத்தகம் தீப்பெட்டி லேபிள் மாதிரி இருந்தால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் வந்தது. கூச்சத்துக்குப் பெண்ணியம் என்று பெயர் வைத்தேன். ஆணாதிக்கத்தை மறுத்த அதே கையால் அம்மாவின் ரசனையையும் மறுத்தேன். இரண்டும் ஒரே கடிதத்தில் போயின.

அலங்காரம் பற்றி நம்மிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. அலங்காரம் பொய், எளிமை நேர்மை. இந்தத் தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்று தேடினால் சங்கடமான இடங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடோல்ஃப் லூஸ், அலங்காரத்தைக் குற்றத்தோடு சேர்த்துப் பேசினார். உடம்பில் பச்சை குத்திக்கொள்ளும் பழங்குடியினரைக் காட்டி, நாகரிகம் வளர வளர அலங்காரம் உதிரும் என்றார். பெண்களின் ஆடை பற்றி எழுதும்போது, ஆணைச் சார்ந்து வாழ்வதால்தான் பெண் அலங்கரித்துக்கொள்கிறாள், சம்பாதிக்கத் தொடங்கினால் அது மறைந்துவிடும் என்றும் சொன்னார். இதன் பின்பாதியை நம்மில் பலர் கைதட்டி ஏற்றுக்கொள்வோம். நானும் மேடையில் பேசியிருக்கிறேன். முன்பாதியைப் படித்தபோது என் ஆச்சியின் முன்கை நினைவுக்கு வந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பச்சைக் கோலம். லூஸின் கணக்கில் அவள் நாகரிகத்துக்கு வெளியே.

இன்னொருவர் பியாட்ரிஸ் வார்டு. அமெரிக்கப் பெண், அச்செழுத்து வரலாற்றில் பெரிய அறிஞர். கேரமாண்டின் பெயரில் வழங்கிய எழுத்துகள் உண்மையில் ழான் ழானோன் என்பவர் செய்தவை என்று 1926இல் நிறுவிய கட்டுரையை அவர் பால் போஜோன் என்ற ஆண் பெயரில் வெளியிட்டார். கட்டுரையைப் படித்து மோனோடைப் நிறுவனம் போஜோனுக்கு வேலை தர முன்வந்தது. வந்து நின்றவர் ஒரு பெண். அதே வார்டு 1930இல் லண்டனில் ஆற்றிய உரை உலகப் புகழ் பெற்றது. நல்ல அச்செழுத்து பளிங்குக் கிண்ணம் மாதிரி இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் மது தெரிய வேண்டும், கிண்ணம் தெரியக் கூடாது என்றார். அச்சு வகுப்புகளில் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நூல்களின் உள்பக்கத்துக்கு அவர் சொன்னது சரி. 300 பக்க நாவலைச் சுருள் வைத்த எழுத்தில் யார் படிப்பது? என்னை உறுத்துவது வேறு. தன் பெயரை மறைத்து உள்ளே வந்த பெண்ணின் வாயிலிருந்து, கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதே சிறப்பு என்ற சொல் வருகிறது. வேலை நடக்க வேண்டும், செய்தவள் தெரியக் கூடாது. நம் அடுப்படிகளில் ரொம்ப காலமாகச் சொல்லிவருவதும் இதைத்தானே. மோனோடைப்பின் வரைவுக்கூடத்தில் எழுத்துகளைப் பெரிதாக வரைந்து திருத்தித் தந்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். வந்த எழுத்துகளின் மேல் ஆண்களின் பெயர் இருக்கிறது. ரெடிங் பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஓர் ஆய்வுக் குழு அந்தப் பெண்களைத் தேடத் தொடங்கியது. சிவகாசியில் அப்படி ஒரு தேடல் நடந்தால் எத்தனை திண்ணைகளுக்குப் போக வேண்டியிருக்கும்!

தமிழில் எழுதுதல் என்ற சொல்லே அலங்காரத்திலிருந்து பிரிக்க முடியாதது. கண்ணுக்கு மை எழுதுவோம். சங்கப் பாடல்களில் தொய்யில் எழுதுகிறார்கள், பெண்ணின் தோளிலும் மார்பிலும். ஓவியத்தையும் எழுதுவதுதான். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்று ஐந்து இலக்கணம் சொல்லும்போது அணி கடைசியில் வருகிறது. வகுப்பிலும் அதைக் கடைசியில் நடத்தி, நேரமில்லை என்று பாதியில் விடுவோம். வார்த்தையின் பழக்கத்தைப் பார்த்தால் அணிதான் முன்னால் வந்திருக்க வேண்டும் போலிருக்கிறது. ஆனால் தொய்யிலில் ஒரு கேள்வி உண்டு. எழுதுகிற கை பெரும்பாலும் தலைவனுடையது. எழுதப்படும் இடம் அவளுடைய உடம்பு.

அந்தக் கேள்வியை எனக்கு இன்றைய மொழியில் கேட்டது என் மாணவி ஒருத்தி. வகுப்பில் அவரவர் பெயரை அச்சில் முதலில் பார்த்த இடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தேன். பையன்கள் கபடிப் போட்டி நோட்டீஸ், மன்றத்துப் பேனர், அரசியல் சுவரொட்டி என்று எழுதினார்கள். பெண்களில் பாதிப்பேர் ஒரே இடத்தைச் சொன்னார்கள். பூப்புனித நீராட்டு விழா ஃப்ளெக்ஸ். இந்த மாணவி எழுதியதைச் சுருக்கித் தருகிறேன். பதின்மூன்று வயது. பேருந்து நிற்கும் இடத்தில் பத்தடி உயர ஃப்ளெக்ஸ். இவள் படம், பின்னால் அருவி, மேலே இவள் பெயர் தங்க நிறத்தில், கால் வைத்து, சுருள் வைத்து, நிழல் போட்டு. கீழே மாமன்மார், சித்தப்பாமார் படங்கள் வரிசையாக. அம்மா பெயர் இல்லை. மூன்று நாள் ஃப்ளெக்ஸ் அங்கே இருந்தது. அந்த மூன்று நாளும், பிறகு இறக்கிவிட்டார்கள் என்று உறுதியாகத் தெரியும்வரையிலும் இவள் பள்ளிக்குப் போகவில்லை.

எழுதியதைக் கொடுத்துவிட்டு நின்றாள். "ஒண்ணு மட்டும் எழுதல மேடம். எழுத்து ரொம்ப அழகா இருந்துச்சு. அத நெனச்சாத்தான் கோவமா வருது."

நான் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியவில்லை. அழகாக இல்லாமல் இருந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். அவளுடைய உடம்பின் செய்தியை ஊருக்கு அறிவிக்க அவள் பெயரையே எடுத்து, அவளுக்குப் பிடித்த மாதிரியே உடுத்தி நிறுத்தியிருந்தார்கள். அவளைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயர் அப்படி உடுத்திக்கொண்டு வெளியே வருவது மூன்று தடவை. வயதுக்கு வந்த ஃப்ளெக்ஸில், கல்யாணப் பத்திரிகையில் திருநிறைச்செல்வி என்ற அடைமொழிக்குக் கீழே, பிறகு கண்ணீர் அஞ்சலியில். நடுவில் இருக்கும் அறுபது வருடம் ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் மொட்டை எழுத்தில் நிற்கிறாள். எனக்கு முனைவர் பட்டம் கிடைத்தபோது ஊரில் ஒரு தட்டிகூட யாரும் வைக்கவில்லை. வைத்திருந்தால் வெட்கப்பட்டிருப்பேன் என்பது வேறு. ஆனாலும் வைக்கவில்லை.

இப்போது பழைய எழுத்துக்கு மவுசு வந்திருக்கிறது. நகரத்து காபிக் கடைகளிலும் துணிக்கடைகளிலும் சிவகாசி லேபிள் பாணி எழுத்தைச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். துதிக்கை வைத்த பழைய 'லை', 'னை'யைக்கூடப் பார்த்தேன். பெரியார் 1935இலேயே 'குடி அரசு' இதழில் விட்டுவிட்ட, 1978இல் அரசாணை வழியாகவும் விடைபெற்ற எழுத்துகள். எனக்கு இதில் முழு வெறுப்பு இல்லை. அவை அழகானவை, இறக்கக் கூடாது. கணினியில் புதிய தமிழ் எழுத்துருக்கள் செய்கிறவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். 'அரிமா மதுரை' என்ற எழுத்துருவைச் செய்த இருவரில் ஒருவர் ஜோவானா கொரெய்யா என்ற போர்ச்சுக்கல் பெண் என்று தெரிந்தபோது, கொல்லத்துக்குத் தமிழ் அச்சைக் கொண்டுவந்த நாட்டிலிருந்து இத்தனை காலம் கழித்து ஒரு பெண்ணின் கை வந்திருக்கிறதே என்று சந்தோஷமாக இருந்தது. ஆனால் சட்டம் போட்ட லேபிளுக்குக் கீழே உட்கார்ந்து காபி குடிக்கும்போது, அது தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறதா என்றுதான் கண் முதலில் பார்க்கிறது. அந்த லேபிள் வந்த காலத்தில் அதை ஒட்டியவர்கள் பலருக்கு அதைப் படிக்கத் தெரியாது. அன்று மலிவு என்று நான் ஒதுக்கியதற்கும், இன்று பழமை என்று இவர்கள் கொண்டாடுவதற்கும் நடுவில் அந்தத் திண்ணை இல்லை. இரண்டு பார்வைக்கும் எழுத்து மட்டும் தெரிகிறது.

போன வருடம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அவள் கணினியில் வடிவமைப்பு வேலை செய்கிறாள். பத்திரிகையை அவளே செய்தாள். சுயமாகச் சம்பாதிக்கிற பெண், லூஸ் சொன்னபடி பார்த்தால் அவளிடம் அலங்காரம் உதிர்ந்திருக்க வேண்டும். காலும் சுருளும் நிழலும் தங்கக் கோடுமாக எழுத்தை அப்படி உடுத்தியிருந்தாள். தன் பெயர், அவன் பெயர், அதே அளவில் அம்மா பெயர், அப்பா பெயர். அதற்கு மேல் ஒரு வரி காலியாக விட்டிருந்தாள்.

"அத்தை, இங்க அப்பத்தா பேரு. ஆனா இந்த ஃபான்ட்ல வேணாம். அவங்க கையாலயே எழுதணும். நீங்க சொன்னீங்கள்ல, கால் வச்சு எழுதுவாங்கன்னு."

நான்தான் எப்போதோ அவளிடம் சொல்லியிருக்கிறேன். கையெழுத்தை நிறுத்தச் சொன்னது நான் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறேன். மதினி தாளும் கறுப்புப் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் வாசலில் நின்றுகொண்டு, பத்திரிகையில் பாட்டி பேர் எதற்கு, சொந்தத்தில் கேட்பார்கள் என்று முணுமுணுத்தான். யாரும் பதில் சொல்லவில்லை. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தன் பெயரை எழுதினாள். ஏழு எழுத்து, மொட்டையாக, வங்கியில் போடுவது போல, நொடியில்.

"கால் வையுங்க அப்பத்தா" என்றாள் பேத்தி.

அம்மா என்னைத்தான் பார்த்தாள்.

"வேணாம்னு சொன்னியே தாயி" என்றாள்.

"நான் சொன்னது தப்பும்மா."

"இப்பச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அவள் தாளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். கை நடுங்குகிறது இப்போது. முதல் எழுத்துக்குக் கால் வைத்தாள். இரண்டாவதுக்கு வைத்தாள். மூன்றாவது எழுத்தில் கொஞ்சம் நின்று, எங்கே வைப்பது என்று யோசித்தாள். பேத்தி வாயைத் திறந்தாள், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.